இறந்துபோன பவுனும் உயிரோடிருக்கும் வைக்கோலும்

தோல் என்று ஒன்று இருந்தால் அதற்குரிய மிருகம் செத்திருக்க வேண்டும். இது இயற்கையின் விதி மட்டுமல்ல, அரசாங்கத்தின் தோல் மூலச் சரிபார்ப்புப் பிரிவின் விதி எண் பதினாலும் அதுதான். ஆம்பூரிலிருந்து ஒரு தோல் கப்பலேற வேண்டுமானால், அந்தத் தோலைப் போர்த்தியிருந்த ஜீவன் இன்ன தேதியில், இன்ன இடத்தில், முறைப்படி இறந்தது என்று ஒரு கால்நடை மருத்துவர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். ஆடு, மாடு, எருமை எல்லாம் மறுபேச்சில்லாமல் இந்த விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் வந்தன. கட்டுப்படாமல் நின்றது கல்லேரிப்பட்டி அமிர்தவள்ளியின் பவுனு ஒன்றுதான்.

பவுனு ஒரு சட்டையாடு. ஏலகிரி அடிவாரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கலாம். கன்றுக்குட்டி உயரம், ஆட்டுத் தாடி, மூன்று கொம்பு. நடந்தால் குளம்புத் தடம் மண்ணில் பதியாது, சேற்றில்கூடப் பதியாது. பாம்பு உரிக்கிற மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடி மாசத்தில், தலை முதல் வால் வரை தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கிற புதுத்தோலோடு மேயப் போய்விடும். கழற்றிய தோல் பதனிட்ட தோலாகவே இருக்கும். சுண்ணாம்பு வேண்டாம், பட்டை வேண்டாம், ஊறப் போட வேண்டாம். நிறம் அதனுடைய இஷ்டம். ஒரு வருஷம் ஈச்சம்பழ நிறம், ஒரு வருஷம் மழைமேக நிறம். ரொம்ப வெட்கப்பட்டால் காலம் தப்பியும் உரிக்கும் என்று பேச்சு உண்டு. ஆனால் அது வெட்கப்படுகிற அளவுக்கு அந்த ஊரில் அதுவரை யாரும் நடந்துகொண்டதில்லை. ஒரு காலத்தில் மந்தை மந்தையாகத் திரிந்த ஜாதி. இந்தக் கதை நடந்த சமயத்துக் கால்நடைக் கணக்கெடுப்பில் ‘இதர’ என்ற கட்டத்துக்குள் ‘ஒன்று’ என்று எழுதியிருந்தார்களே, அந்த ஒன்று பவுனுதான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் பிறந்தவர்களுக்குக் கட்டைவிரலில் பிறவியிலேயே ஒரு நமைச்சல் உண்டு. தோல் என்று எது கண்ணில் பட்டாலும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, “மூணாவது செலக்ஷன்” என்று தரம் சொல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட முதலில் சோபாவைத்தான் தடவுவார்கள். நம் கால்நடை மருத்துவர் ஞானசீலன் குடியாத்தத்துக்காரர், சர்ச்சில் ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருக்கும்போதே மடியிலிருக்கும் பைபிளின் உறையைத் தடவி, ஆட்டுத்தோலா ரெக்ஸினா என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். மற்றபடி யோக்கியர். பயணப்படி பில்லைத் தவிர வேறெதிலும் பொய் எழுதியதில்லை என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயரோடு அவர் பதினோரு வருஷம் நிம்மதியாக இருந்தார்.

2004 ஆகஸ்ட் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, தோல் கம்பெனி மேனேஜர் மக்பூல் அகமது வியர்த்து விறுவிறுத்துக் கால்நடை மருந்தகத்துக்குள் வந்தார்.

“டாக்டர் சாப், பெரிய பேஜார்.”

“இன்னா பாய்?”

“வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் லெட்டர் போட்டுக்கிறான். இந்த சீசன் அங்க ஃபேஷன் மாறிடுச்சாம். கலர் இல்ல, ஹீல் இல்ல, மனசாட்சிதான் ஃபேஷனாம். ‘கொல்லாத தோல்’னு லேபிள் போட்டு ஷூ விக்கப் போறானாம். அமிர்தவள்ளி ஆடு உரிச்ச தோலு அதுக்குத்தான் போவுது. ஆடு உயிரோட, சந்தோசமா கீதுன்னு நீங்க எழுதித் தரணும்.”

“அவ்ளோதானா? நல்ல விஷயமாச்சே!” டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“இன்னும் ஒண்ணு கீது சாப். தோலு கப்பலேறணும்னா நம்ம ஆபீசுக்கு ஆடு செத்துப் போச்சுன்னு எழுதித் தரணும்.”

“எந்த ஆடு?”

“அதே ஆடு.”

“எந்தத் தேதியில?”

“ரெண்டும் ஒரே தேதியா இருந்தா நல்லது சாப். தோலு ஒண்ணுதானே?”

டாக்டர் பேனாவை மூடினார். யோசித்தார். “ஒரு தோல்ல எத்தினி ஜோடி ஷூ வரும் பாய்?”

“மூணு ஜோடி. இழுத்துப் புடிச்சா நாலு.”

“ஆர்டர் எத்தினி ஜோடி?”

“எண்பதாயிரம்.”

“மீதி ஜோடிக்கு?”

“மாட்டுத்தோலு கொட்டிக் கெடக்குதே. லேபிள்ல பவுனு படம் ஒண்ணு போதும். கையெழுத்துப் போடுங்க சாப், இந்த ஆர்டர் போச்சுன்னா அறுநூறு பேருக்கு வேலை போவும். அதுல அமிர்தவள்ளியும் ஒருத்தி.”

அது நிஜம். அமிர்தவள்ளி அந்தக் கம்பெனியின் ஷூ பிரிவில்தான் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவளோடு சண்டை போட மிச்சமிருந்தது பவுனு ஒன்றுதான். சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் தினமும் வந்து நிற்கும். அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டிபன் பாக்ஸை மோந்து பார்த்து, ஒன்றும் மிச்சமில்லையென்றால் முட்டும். அவள் திட்டுவாள். இரண்டு பேரும் திட்டிக்கொண்டும் முட்டிக்கொண்டும் வீடு போய்ச் சேருவார்கள். பவுனுக்கு ஒன்று என்றால் அவள் உயிரை விட்டுவிடுவாள் என்று ஊரே சொல்லும்.

அன்றைக்குச் சாயங்காலம் டாக்டர் அவளைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார்.

“செத்துப் போச்சுன்னு எழுதினா நெஜமாவே எதுனா ஆயிடுமா டாக்டரே?”

“பேப்பர்லதானம்மா. ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன்ல.”

சொல்லிவிட்டு மருந்தகத்துக்குத் திரும்பி, ஒரே மேஜையில், ஒரே பேனாவால் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றில் ‘மேற்படி பிராணி இயற்கை எய்தியது’. மற்றதில் ‘மேற்படி பிராணி மிகுந்த மனநிறைவுடன் வாழ்ந்து வருகிறது’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ‘மரித்தாலும் பிழைப்பான்’ என்ற வேத வசனத்தின்படி இரண்டுமே ஒருசேர உண்மையாக இருக்க வாய்ப்புண்டு என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

காகிதம் போன வேகத்தில் இரண்டு பதில் வந்தது. ஒன்று, சரிபார்ப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் வேதாசலம் இருபத்துநாலாம் தேதி காலை பத்தரைக்குப் பிரேதத்தை நேரில் ஆய்வு செய்வார். மற்றது, வெளிநாட்டுக் கம்பெனியின் விலங்கு நல்வாழ்வுத் தணிக்கையாளர் பூர்ணிமா அதே நாள், அதே நேரம், ஆட்டின் மகிழ்ச்சியை நேரில் ஆய்வு செய்வார்.

மக்பூல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மெடிக்கல் லீவ் போடலாமா என்று பார்த்தார். வழி சொன்னது அமிர்தவள்ளிதான்.

“கன்னுக்குட்டி செத்துப்போனா தோலுக்குள்ள வைக்கோலைத் திணிச்சு மாட்டு முன்னாடி நிக்கவெச்சுப் பால் கறக்கறோம் இல்ல? மாட்டையே ஏமாத்துறோம். ஆபீசரை ஏமாத்த முடியாதா? ரெண்டு வருசத்துக்கு முந்தி உரிச்ச தோலு பரண்ல கீது. திணிச்சுத் தெச்சுக் கொட்டாயில படுக்க வெச்சுடறேன். அந்த ஆபீசருக்கு அதைக் காட்டுங்க. மேடத்துக்கு என் பவுனைக் காட்டுங்க.”

சும்மா சொல்லக் கூடாது, அவள் தைத்த தையல் ஷூ பிரிவுக்கே பெருமை. எங்கே ஊசி ஏறியது, எங்கே இறங்கியது என்று தெரியவில்லை. கொம்புக்கு மூன்று மரக்குச்சி, கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பொத்தான், காலுக்கு மூங்கில். வைக்கோல் மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்ததால், செவ்வாய்க்கிழமை காலையில் அதைக் காய்வதற்காக வாசலில் வேப்பமரத்தடி வெயிலில் நிற்கவைத்தாள். பத்தரைக்குள் கொட்டகைக்கு மாற்றிவிடலாம் என்று கணக்கு. பவுனு விடியற்காலையிலேயே ஒரு கூடை பலாத்தோலைத் தின்று முடித்துக் கொட்டகையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு ஜீப்பும் பத்து மணிக்கே வந்துவிட்டன. நம் பக்கத்தில் ஆய்வுக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே வந்தது அதுதான் முதல் தடவை.

பூர்ணிமா கைத்தறிப் புடவை, மரத்தில் செய்த காதுத்தோடு, புத்தம்புது டிஜிட்டல் கேமரா சகிதமாக வாசலில் இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். “அய்யோ, என்ன ஒரு அமைதி!”

“மேடம்,” என்று டாக்டர் ஓடிவந்தார், “நாம பாக்க வேண்டியது கொட்டாயில இருக்குது.”

“ஷ்ஷ். சத்தம் போடாதீங்க, பயந்துடப் போகுது.” அவள் பட்டியலை எடுத்தாள். “பயம், இல்லை. பசி, இல்லை. வலி, இல்லை. தேவையற்ற சத்தம், இல்லவே இல்லை. நான் இருபது பண்ணை பார்த்திருக்கேன் சார். எல்லா இடத்திலயும் மனுஷங்களைக் கண்டா மிருகம் பின்னாடி போகும். இது ஒரு அடி நகரல பாருங்க. அவ்வளவு நம்பிக்கை!”

“மேடம், அது வைக்கோலு.”

பூர்ணிமா குனிந்து பார்த்தாள். வாயோரம் இரண்டு வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. “ஆமா. முழு இயற்கை உணவு,” என்று எழுதிக்கொண்டு நூற்றுக்கு நூறு மதிப்பெண் போட்டாள். பல கோணத்தில் படமும் எடுத்தாள்.

டாக்டர் பின்பக்கம் ஓடினார். அங்கே வேதாசலம் மூக்கில் கைக்குட்டையோடு பவுனின் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். மக்பூல் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“மரணம் உறுதி செய்யப்படுகிறது,” என்றார் வேதாசலம்.

“சார், வயிறு ஏறி எறங்குது. மூச்சு விடுது சார்.”

“டாக்டர், உங்க சான்றுப்படி இது பதினேழாம் தேதியே இறந்துட்டது. இன்னிக்கு இருபத்துநாலு. ஏழு நாளா செத்துக் கிடக்கிற பிராணி மூச்சு விடுதுன்னு ஒரு டாக்டர் பேசலாமா?”

பேச்சுச் சத்தத்தில் பவுனு விழித்துத் தும்மியது. எழுந்து சோம்பல் முறித்தது. வேதாசலத்தின் கையிலிருந்த கோப்பின் நாடாவை உருவி மெல்ல ஆரம்பித்தது.

“சார், பிரேதம் ஃபைலைத் தின்னுது,” என்றார் மக்பூல், அடக்கமாட்டாமல்.

வேதாசலம் அசையவில்லை. முப்பது வருஷ சர்வீஸ். “குறித்துக்கொள்கிறேன். ஏழு நாளாகப் புதைக்காமல் விட்டதால் பிரேதம் சுற்றுப்புறத்துக்கு இடையூறு விளைவிக்கிறது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஆறடிக் குழியில், சுண்ணாம்பு போட்டு, என் முன்னிலையில் புதைக்கப்பட வேண்டும்.”

அமிர்தவள்ளி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். “சாமி, வாசல்ல நிக்குது பாரு, அதைக் கொண்டுபோய்ப் பொதைச்சுக்கோ! அது வெறும் வைக்கோலு!”

இதைக் கேட்டுப் பூர்ணிமா பதறிப்போனாள். “உயிரோட இருக்கிற மிருகத்தைப் புதைக்கிறதா? நான் போலீசுக்குப் போவேன்!”

வேதாசலம் அவளுடைய சான்றை வாங்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் மரியாதை கூடியது. “மேடம் சொல்றது சரி. சான்று பெற்ற உயிருள்ள பிராணியைப் புதைப்பது குற்றம். சான்று பெற்ற பிரேதத்தைப் புதைக்காமல் விடுவதும் குற்றம். நாம் எந்தக் குற்றத்துக்கும் இடம் கொடுக்கக் கூடாது. கொட்டகையில் இருப்பதைப் புதைப்போம், வாசலில் நிற்பதை விட்டுவிடுவோம்.” பூர்ணிமாவும் அவருடைய அறிக்கையைப் படித்து, இவ்வளவு தெளிவான அதிகாரியைத் தான் பார்த்ததில்லை என்றாள். இரண்டு பேரும் வைக்கோலின் முதுகில் ஒரு கையை ஊன்றியபடி நின்று டீ குடித்தார்கள்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் குழி தயார். ஊரே திரண்டிருந்தது. சுண்டல்காரன்கூட வந்துவிட்டான். வேதாசலம் கடிகாரத்தைப் பார்த்தபடி சுண்ணாம்பு மூட்டையின் பக்கத்தில் நின்றார். பவுனு வேறு யார் கூப்பிட்டாலும் வராது என்பதால், அமிர்தவள்ளியையே கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் வார்த்தையை நம்பி அவளும் கிளம்பினாள். வழியெல்லாம் அது அவள் டிபன் பாக்ஸைத் தேடி இடுப்பில் முட்டிக்கொண்டே வந்தது. அன்றைக்கு அவள் திட்டவில்லை.

குழிக்கு முன்னால் வந்ததும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள். “ஒண்ணும் ஆவாதுன்னீங்களே டாக்டரே. நான் இருக்கேன்னு சொன்னீங்களே.”

டாக்டர் சுண்ணாம்பு மூட்டையைப் பார்த்தார். ராத்திரி பூராவும் அவர் தூங்கவில்லை. ‘நான் எழுதியது பொய்.’ மூன்றே மூன்று சொல், சொன்னால் பவுனு பிழைத்துவிடும். ஆனால் எதை எழுதியது பொய் என்று கேட்பார்கள். ஒரு சான்றைப் பொய் என்றால் இன்னொன்றும் சந்தேகத்துக்கு இடமாகும். ஆர்டர் போகும், அறுநூறு பேர் வேலை போகும், தன் மீது விசாரணை வரும். பதினோரு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட அத்தனை மிருகங்களும் வரிசையில் வந்து நின்று, நாங்களாவது நிஜமாகச் செத்தோமா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

“டாக்டர்,” என்றார் வேதாசலம், “எல்லார் முன்னாடியும் கடைசியா ஒரு தடவை கேக்கிறேன், விதி அப்படி. இது இறந்ததா, இல்லையா?”

மூன்று சொல்லும் டாக்டரின் தொண்டை வரைக்கும் வந்தன.

“பதிவேட்டின்படி,” என்றார் டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, “இறந்ததுதான்.”

பவுனு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அதன் காது மடல் இரண்டும் சிவந்தன. சிவப்பு கழுத்துக்கு இறங்கியது, வயிற்றுக்குப் பரவியது. சாதாரணமாக ஆடியில் ஒரு ராத்திரி முழுக்க எடுக்கிற காரியம் அரை நிமிஷத்தில் நடந்தது. தோல் தளர்ந்து, நழுவி, ஒரு முனகல்கூட இல்லாமல் குழிக்குள் விழுந்தது.

அப்படி ஒரு நிறத்தை அந்தப் பக்கத்தில் எவரும் கண்டதில்லை. விடிகாலை வானம் என்றால் அதுவும் இல்லை, மாதுளைப் பூ என்றால் அதுவும் இல்லை. வெட்கத்தின் நிறம் அதுதான் போலிருக்கிறது. வெயில் பட்டதும் குழியே மினுமினுத்தது.

முதலில் குதித்தவர் மக்பூல். முழங்கால் மடித்து உட்கார்ந்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். அவர் கண் கலங்கிவிட்டது. “அல்லா! முப்பது வருசத்துல இப்படி ஒரு தோல் பாத்ததில்ல. மொதல் செலக்ஷன்!”

அவ்வளவுதான். ஊரே குழிக்குள் இறங்கியது. “முதுகுல ஒரு கீறல் இல்ல!” “பின்னாடி திருப்புங்கப்பா!” “நகருய்யா, நானும் பாக்கணும்!” சுண்டல்காரன் கூடையை வைத்துவிட்டு இறங்கினான். வேதாசலம், அவர் ராணிப்பேட்டைக்காரர், அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினார். கோப்பு சுண்ணாம்பு மூட்டைமேல் கிடந்தது. “வுடுங்கடா, அது என் ஆட்டோட தோலு!” என்று அமிர்தவள்ளியும் இறங்கினாள். கடைசியாக டாக்டர். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு ஏறிவிடலாம் என்றுதான் இறங்கினார். பஞ்சு மாதிரி இருந்தது. இன்னொரு தடவை தடவினார்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. அமிர்தவள்ளிதான் முதலில் நிமிர்ந்தாள். கரையில் யாருமில்லை. சுண்டல் கூடை மட்டும் காலியாகக் கிடந்தது.

“பவுனு?” என்றாள்.

குழியிலிருந்து ஒவ்வொருவராக ஏறினார்கள். ஏரிப் பக்கம் பார்த்தார்கள், மலைப் பக்கம் பார்த்தார்கள். மண்ணில் தடமே இல்லை. இருநூறு பேர் கூடியிருந்த இடத்தில், அது எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

வேதாசலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தோலை மேலே எடுத்த பிறகு காலியாக இருந்த குழியில் சுண்ணாம்பு கொட்டி மூடவைத்து, ‘பிரேதம் முறைப்படி அப்புறப்படுத்தப்பட்டது’ என்று எழுதிக் கோப்பை முடித்தார். மூன்று மாசம் கழித்து ஏலகிரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று கொம்புள்ள பிராணி ஒன்று பூங்காவில் புகுந்து டூரிஸ்டுகளின் டிபன் பாக்ஸை மோந்து பார்ப்பதாகப் புகார், நடவடிக்கை எடுக்கவும். இறந்த பிராணிகளின் நடமாட்டம் இந்தப் பிரிவின் வரம்புக்குள் வராது என்று பதில் போனது. அமிர்தவள்ளிக்கு அந்தக் கடிதத்தை யாரும் காட்டவில்லை. அதற்கு விதி இல்லை.

வைக்கோல் நன்றாக இருக்கிறது. கம்பெனி வரவேற்பறையில், ஏசி போட்ட கண்ணாடி அறையில் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் ஞானசீலன் போய் நாடி பார்த்து, கோமாரி ஊசி போட்டு, ‘மிகுந்த மனநிறைவுடன் வாழ்ந்து வருகிறது’ என்று பச்சை மையில் எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் என்ற முறையில் அமிர்தவள்ளியும் மிஷினை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நிற்க வேண்டும்.

போன வருஷம் அவர் ஊசியை எடுத்தபோது அவள் சொன்னாள். “பாத்துக் குத்துங்க டாக்டரே, வலிக்கப் போவுது.”

டாக்டர் ஊசியைக் குத்தினார். தலை நிமிராமல், “அன்னிக்கு அது எந்தப் பக்கம் போச்சுன்னு நீயாவது பாத்தியாம்மா?” என்றார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “பாத்திருக்கணும் டாக்டரே. என்னைத் தவிர அதுக்கு யாரு இருந்தாங்க, நான் பாத்திருக்கணும்,” என்றாள்.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அந்த எண்பதாயிரம் ஜோடி அமோகமாக விற்று, இப்போது அதே லேபிள் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்திருக்கிறது. பெட்டியைத் திறந்தால் வைக்கோலின் படமும், ‘இதற்காக எந்த உயிரும் துன்புறவில்லை’ என்ற வாசகமும் இருக்கும். இவ்வளவு தூரம் கதை கேட்டு வேதாசலத்தையும் டாக்டரையும் பார்த்துச் சிரித்த நீங்கள், அடுத்த தடவை கடைக்குப் போகும்போது அந்த ஷூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். லேபிளைப் படிப்பதற்கு முன்னாலேயே உங்கள் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.